கடைசியாகக் கண்ட தேதி

மேல்விஷாரத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து
ஆறேகால் பஸ்.
காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்குக் கேட்காமலே
டிக்கெட் கிழிக்கிறார் கண்டக்டர்.
விரல் நுனியில் இன்னும் பசை.
இரவெல்லாம் ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
தையல் தப்பியிருக்கிறதா, தோலில் உண்ணி கடித்த வடு இருக்கிறதா என்று.
ஒரு ஜோடிக்கு நாற்பது நொடி.

ஆற்காட்டில் பழசாக வாங்கிய பைனாகுலர்
இடது கண்ணாடியில் பூஞ்சை.
அதனால் என் ஏரிக்கு
எந்த மாதமும் இடப்பக்கம் பனி.

மாசியில் மதகு திறந்தார்கள், நவரை நெல்லுக்கு.
தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது.
ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில்
அது நின்ற உயரம் பழுப்பு வளையமாய்.
சேற்றில் கருவால் மூக்கன்கள்
தையல் மெஷின் ஊசி மாதிரி
குத்தி எடுத்துக் குத்தி எடுத்து.
(வேலையை மறக்கத்தான் இங்கே வருகிறேன்.)

ஐப்பசியில் வந்தபோது
நீலச்சிறகிகள் எல்லாம் ஒரே நிறம், சாயம் போன பழுப்பு.
ஆண் எது பெண் எது என்று
சண்டை போட்டிருக்கிறேன், என்னோடு நானே.
பங்குனியில்தான்
ஆணுக்குக் கண்மேல் அந்த வெள்ளைக் கோடு
பிடரி வரை வளைந்து இறங்குகிறது.
ஆறு மாதம் எங்களிடம் பழைய உடுப்பில் இருந்துவிட்டு
புதுசு உடுத்தியதும் ஊருக்குக் கிளம்புகிறார்கள்.
கோபமில்லை.
கொஞ்சம் இருக்கிறது.

மீன் குத்தகை எடுத்த துரைக்கண்ணுக்கு
தண்ணி சீக்கிரம் வடியணும்.
எனக்கு இன்னும் ஒரு வாரம் நிற்கணும்.
இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிக்கிறோம்.
"இன்னா, உன் வாத்து எவ்ளோ கீது?"
"போன வாரம் நானூத்திப் பன்னெண்டு."
"எங்கெளுத்தி ஒன்னாவது
எண்றதுக்கு நிக்குதா பாரு" என்று சிரிக்கிறார்.

இன்று எண்ண ஆரம்பித்து
முப்பத்தொன்றில்
சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது.
நாமக்கோழிகள் தண்ணீர்மேல் ஓடின,
உள்ளான்கள் ஒரு துணியை உதறியது போல எழுந்து
வெள்ளையாகி, கறுப்பாகி, மறுபடி வெள்ளையாகி
வேறொரு கரையில் விழுந்தன.
பருந்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
எனக்கும்.
மறுபடி முதலிலிருந்து.
இருபத்தாறு.
ஊசிவால் ஒன்றுகூட இல்லை.

போவதை யாரும் பார்த்ததில்லை.
ஒரு காலை இருக்கின்றன,
இன்னொரு காலை
அவை இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும்.
படிவத்தில் "கடைசியாகக் கண்ட தேதி" என்று ஒரு கட்டம்.
போன தேதிக்கு இடம் விடவில்லை அச்சடித்தவர்கள்.

புதன்கிழமை ராத்திரி இரண்டு பத்து இருக்கும்.
டீ இடைவேளையில் மொட்டை மாடி.
தோல் ஷாப்பு வாடை, பாலாற்றுப் பக்கமிருந்து காற்று.
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் எடுக்குமுன்
ஒரு நிமிஷம் முழு இருட்டு,
கம்ப்ரசர்கூட இல்லை.
அப்போது தலைக்கு மேலே எங்கோ
சீப்புப் பல்லில் நகம் இழுத்தது போல
கர்ர்ர், கர்ர்ர்.
வடக்கே.
பக்கத்தில் நின்ற மெஹருன்னிசா
"பல்லியா?" என்றாள்.
அண்ணாந்து பார்த்தேன்.
ரத்தினகிரிப் பக்கம் நாலு நட்சத்திரம்,
வேறொன்றுமில்லை.

ஜெனரேட்டர் எடுத்துவிட்டது.
கண்டதாக எழுத முடியாது.
கீழே இறங்கி
அடுத்த ஜோடியைத் திருப்பினேன்.
ஒரு பிழையும் இல்லை.
நாற்பது நொடி தாண்டியும்
கையிலேயே வைத்திருந்தேன்.